11 எம்பி-யைத் தாண்டாத ஆபீஸ் நெட்வொர்க்: கேபிளை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2010 வாக்கில் வயரிங் செய்த ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 18 சிஸ்டம், எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஒரு 24 போர்ட் ஸ்விட்ச் பெட்டி, டேலி டேட்டாவும் கிளையன்ட் ஃபைல்களும் இருக்கிற ஒரு பழைய சிஸ்டம், அதைத்தான் சர்வர் என்கிறீர்கள். 4 ஜிபி பேக்கப் ஃபைலை அங்கிருந்து உங்கள் சிஸ்டத்துக்கு காப்பி செய்ய ஆறு நிமிடம் ஆகிறது. மாலையில் எல்லோரும் வேலையில் இருக்கும்போது டேலியும் தவழ்கிறது. இன்டர்நெட் பிளானை 200 எம்பிபிஎஸ் ஆக்கியும் ஒன்றும் மாறவில்லை. கேபிள் போடுபவர் மொத்த வயரிங்கையும் கேட் 6 என்ற உயர்தரக் கேபிளாக மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது கேபிளைப் பற்றி அல்ல. சர்வரின் டிஸ்க்கிலிருந்து உங்கள் டிஸ்க் வரைக்கும் உள்ள பாதையில் எந்த இடம் குறுகலாக இருக்கிறது என்பதே கேள்வி. குறுகலான இடம் ஒன்று இருக்கும் வரை மற்ற இடங்களை எவ்வளவு அகலமாக்கினாலும் ஒரு பைசாவுக்கும் பலன் இருக்காது.

இன்டர்நெட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆபீசுக்குள் ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் இன்டர்நெட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிளானை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் அந்த ஆறு நிமிடம் அப்படியேதான் இருக்கும்.

இனி அந்த ஆறு நிமிடத்தைப் பார்ப்போம். 4 ஜிபி என்றால் 4096 எம்பி, அதாவது மெகாபைட். 360 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 11.4 எம்பி வருகிறது. இந்த எண்ணைப் பார்த்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்பது வினாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக 12.5 எம்பி. பாக்கெட் என்ற ஒவ்வொரு தரவுத் துண்டின் தலைப்புக்கும் இடைவெளிக்கும் போக, ஃபைல் காப்பியில் கைக்கு வருவது 11 முதல் 11.8 எம்பி வரை. உங்கள் எண் அச்சாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. எனவே பாதையில் எங்கோ ஒரு கண்ணி 100 எம்பிபிஎஸ்-இல் ஓடுகிறது, அந்தக் கண்ணி தன்னால் முடிந்த முழு வேகத்தில் ஒழுங்காகவும் ஓடுகிறது. இவ்வளவும் நிச்சயம். அது ஸ்விட்ச்சா, சர்வரின் நெட்வொர்க் கார்டா, ஒரு கேபிளின் முனையா, மேசைக்கடியில் யாரோ வைத்த குட்டி ஸ்விட்ச்சா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் நேரில் பார்க்க வேண்டும், அரை நாள் வேலை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக வேறு எண்களையும் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 110 எம்பி-க்கு மேல் வந்தால் உங்கள் கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) நெட்வொர்க் முழுத் திறனில் ஓடுகிறது, லேனில், அதாவது ஆபீசுக்குள் இருக்கும் நெட்வொர்க்கில், இனி நோண்ட ஒன்றுமில்லை. 30 முதல் 70 எம்பி என்று நடுவில் நின்றால் இணைப்பு கிகாபிட்தான், ஆனால் டிஸ்க்கோ, பழைய பிசிஐ கார்டோ, யுஎஸ்பி 2.0 லேன் அடாப்டரோ, நாஸ் என்ற பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியின் பிராசஸரோ பிடித்து இழுக்கிறது. 5 எம்பி-க்குக் கீழே ஏறி இறங்கி ஆடினால் அது வேறு நோய்: கெட்டுப்போன கேபிள் முனை, டூப்ளெக்ஸ் பொருந்தாமை (பிறகு விளக்குகிறேன்), வைஃபை இவற்றில் ஒன்று. ஒரு எச்சரிக்கை, இந்த எண்களை ஒரே ஒரு பெரிய ஃபைலை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை காப்பி செய்து பார்த்தால் எண் ஏமாற்றும், ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். காப்பி விண்டோவில் முதல் சில வினாடிகள் வேகம் வானத்துக்குப் போய் அப்புறம் சட்டென்று விழுவதையும் நம்பாதீர்கள். அது விண்டோஸ் ரேமுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும் வேகம். முப்பது வினாடி கழித்து நிலைக்கும் எண்தான் உண்மை.

அளவெடுப்பது எப்படி? முதல் படிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொரு சிஸ்டத்திலும் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டர்கள் பக்கத்தைத் திறந்து, ஈதர்நெட் ஐகானை டபுள் கிளிக் செய்யுங்கள். ஸ்பீட் என்ற வரியில் 100.0 எம்பிபிஎஸ் அல்லது 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்கும். 18 சிஸ்டத்துக்கும் சர்வருக்கும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சிஸ்டம், ஸ்விட்ச் போர்ட் எண், காட்டும் வேகம். எல்லாமே 100 என்றால் ஸ்விட்ச்தான் காரணம், கிட்டத்தட்ட உறுதி. சர்வரும் பெரும்பாலான சிஸ்டமும் 1 ஜிபிபிஎஸ் காட்டி நான்கைந்து மட்டும் 100 என்றால் அந்த நான்கைந்தின் கேபிளையோ கார்டையோ பார்க்க வேண்டும். எல்லாமே 1 ஜிபிபிஎஸ் காட்டியும் காப்பி 11 எம்பி-யில் நின்றால் நடுவில் எங்கோ இன்னொரு 100 எம்பிபிஎஸ் பெட்டி ஒளிந்திருக்கிறது. சிஸ்டம் காட்டுவது தனக்கும் தன் கேபிளின் மறுமுனைக்கும் இடையிலான வேகம் மட்டுமே, அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாவது படிக்கு ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க்கைத் தொடாமல் ரேமிலிருந்து ரேமுக்கு மட்டும் தரவை அனுப்பி, வெறும் நெட்வொர்க்கின் வேகத்தை அது சொல்லும். சர்வரின் கமாண்ட் விண்டோவில் மைனஸ் எஸ் (-s) கொடுத்து ஓடவிட்டு, உங்கள் சிஸ்டத்தில் மைனஸ் சி (-c) கொடுத்து சர்வரின் ஐபி முகவரியைச் சேர்த்து ஓட்டுங்கள். ஃபயர்வாலில் 5201 போர்ட்டுக்கு அனுமதி கேட்கும், கொடுங்கள். 94 எம்பிபிஎஸ் சுற்றி வந்தால் 100 எம்பிபிஎஸ் பாதை, 940 சுற்றி வந்தால் ஆரோக்கியமான கிகாபிட். இதே சோதனையை மைனஸ் பெரிய எழுத்து ஆர் (-R) சேர்த்து எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் 940-உம் மறுதிசையில் 300-உம் வந்தால் கேபிளையோ கார்டின் டிரைவரையோ சந்தேகிக்கலாம். ஐபெர்ஃப்3 940 காட்டியும் ஃபைல் காப்பி 40 எம்பி-யில் நின்றால் நெட்வொர்க்கின் மேல் எந்தத் தப்பும் இல்லை, டிஸ்க் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கேபிள் மாற்றச் சொல்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.

உங்கள் ஆபீசில் முதல் சந்தேகம் ஸ்விட்ச் மேல்தான். 2010 வாக்கில் சின்ன ஆபீசுகளுக்குப் போட்ட 24 போர்ட் ஸ்விட்ச்களில் பெரும்பாலானவை 10/100 வகை, கிகாபிட் ஸ்விட்ச் அப்போது விலை அதிகம். முன்பக்கத்திலோ அடியில் ஒட்டிய லேபிளிலோ 10/100 என்று மட்டும் இருந்தால் விஷயம் முடிந்தது. 10/100/1000 என்றோ கிகாபிட் என்றோ இருந்தால் அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம். ஆனால் மாற்றும் முன் ஸ்விட்ச்சின் வலது ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்து 24 போர்ட் மாடல்கள் பலவற்றில் 24 சாதாரண போர்ட்டுகளுக்குத் தள்ளி, தனியாக இரண்டு கிகாபிட் போர்ட்டுகள் இருக்கும். அவை சர்வருக்கும் இன்னொரு ஸ்விட்ச்சுக்கும் என்றே வைத்தவை. சர்வரை 7-ஆவது போர்ட்டிலோ 12-ஆவதிலோ செருகிவிட்டு இந்த இரண்டும் வருடக்கணக்காகத் தூசி படிந்து கிடப்பது சகஜமான காட்சி. சர்வரின் கார்டு கிகாபிட் என்றால் அதன் கேபிளை அந்த ஓரப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஒரு சிஸ்டத்துக்குக் கிடைக்கும் உச்ச வேகம் 11 எம்பி-யாகவே இருக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் இதுவரை 18 பேரும் சேர்ந்து ஒரே 100 எம்பிபிஎஸ் வாசல் வழியாக சர்வருக்குள் நுழைந்தார்கள். இனி அந்த வாசல் பத்து மடங்கு அகலம். மாலை நேர நெரிசலுக்கு இது ஒரு ரூபாய் செலவில்லாத மருந்து.

புது ஸ்விட்ச் வாங்குவதானால் 24 போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள சாதாரண அன்மேனேஜ்டு (உள்ளே எதையும் அமைக்க முடியாத) ஸ்விட்ச் உங்கள் அளவுக்குப் போதும். விஎல்ஏஎன் பிரிப்பது (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாக்குவது), எந்த போர்ட்டில் எவ்வளவு பிழை என்று பார்ப்பது போன்றவை வேண்டுமென்றால் ஸ்மார்ட் மேனேஜ்டு என்று விற்கும் இடைநிலை வகையை எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். போர்ட் வாரியாகப் பிழைக் கணக்கு காட்டும் ஸ்விட்ச் இருந்தால் கெட்ட கேபிளைத் தேடி ஆபீஸ் முழுக்கத் தவழ வேண்டியதில்லை, லூப் விழுந்தாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். லூப் என்றால் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடுவது. ஆபீஸ் கூட்டிப் பெருக்கும்போது கீழே விழுந்த முனையை "எடுத்துச் செருகி வைத்தேன் சார்" என்று நல்ல மனசோடு செய்வதுதான். அடுத்த நொடி எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று மின்னி மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புது கிகாபிட் ஸ்விட்ச்சில் பழைய 100 எம்பிபிஎஸ் பிரிண்டரைச் செருகினால் மற்ற எல்லாமே 100-க்கு இறங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது ஹப் காலத்துக் கதை, ஸ்விட்ச்சுக்கு முன் இருந்த, எல்லோரும் ஒரே பாதையைப் பங்கு போட்ட பெட்டி அது. ஸ்விட்ச்சில் ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனியாக வேகத்தைப் பேசிக்கொள்ளும். பிரிண்டர், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷின், சிசிடிவி ரெக்கார்டர் எல்லாம் 100-லேயே இருக்கட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மேசைக்கடியில் குனிந்து பார்ப்பது அடுத்த வேலை. பதினைந்து வருடத்தில் ஆட்கள் கூடியிருப்பார்கள், சுவரில் பாயிண்ட் கூடியிருக்காது. ஆகவே ஒரு பாயிண்ட்டில் ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்ச் போட்டு நான்கு சிஸ்டத்தை இழுத்திருப்பார்கள். அதுவும் 10/100 ஆக இருந்தால் நான்கு பேருக்கும் சேர்த்தே 100 எம்பிபிஎஸ்தான். அந்தக் குட்டியிலிருந்து இன்னொரு குட்டிக்கு இழுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பெட்டிகளைத் தேடி எடுத்துவிட்டு, முடியாத இடத்தில் மட்டும் கிகாபிட் வகையாக மாற்றுங்கள். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரூட்டரின் பின்னால் உள்ள லேன் போர்ட்டுகளையும் சந்தேகியுங்கள். மலிவு ரூட்டர்களில் அவை 100 எம்பிபிஎஸ் மட்டுமே. சர்வரையோ இரண்டாவது ஸ்விட்ச்சையோ அந்த ரூட்டரில் செருகியிருந்தால் மொத்தப் போக்குவரத்தும் அந்த ஊசிக்காதுக்குள் நுழைந்து வர வேண்டும். ரூட்டருக்கு ஸ்விட்ச்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் போதும், மற்ற எல்லாம் ஸ்விட்ச்சில்தான் இருக்க வேண்டும். இன்னொரு ஒளிவிடம் ஐபி ஃபோன். சுவரிலிருந்து ஃபோனுக்கும், ஃபோனிலிருந்து சிஸ்டத்துக்கும் கேபிள் போகும் வகையாக இருந்தால் ஃபோனுக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது என்று அர்த்தம். பழைய மாடல்களில் அது 100 எம்பிபிஎஸ்தான்.

இப்போது கேபிளுக்கு வருவோம், உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதானே. 1999-இல் வந்த கிகாபிட் ஈதர்நெட் தரம் அப்போது ஆபீசுகளில் ஏற்கெனவே சுவருக்குள் கிடந்த கேட் 5 கேபிளில் 100 மீட்டர் வரை ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடே உருவானது. 2010-இல் வயரிங் செய்திருந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கேட் 5இ ஆக இருக்கும். கேபிளின் உறையிலேயே ஒவ்வொரு மீட்டருக்கும் அச்சிட்டிருப்பார்கள், ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்துப் படித்துப் பாருங்கள். கேட் 5இ என்றால் கிகாபிட்டுக்கு அது தாராளம். கேட் 6 ஆக மாற்றுவதால் கிகாபிட்டில் ஒரு எம்பி கூட அதிகம் வராது.

ஆனால் கேபிள் தரமாக இருப்பது வேறு, அதன் முனைகள் சரியாக இருப்பது வேறு. கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்பு அவற்றில் இரண்டு ஜோடியை மட்டும் பயன்படுத்தும், கேபிள் முனையில் உள்ள ஆர்ஜே 45 பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய பின்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பத்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பாயிண்ட், கிகாபிட் ஸ்விட்ச் போட்ட பிறகும் 100-லேயே நிற்கிறதென்றால் 4, 5, 7, 8 பின்களில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று எண்ணிக்கொள்ளலாம். இத்தனை வருடம் அந்த நீல ஜோடிக்கும் பழுப்பு ஜோடிக்கும் வேலையே இல்லாததால் கோளாறு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பழைய சிக்கனமும் உண்டு. ஒரே கேபிளின் இரண்டு ஜோடியை ஒரு சிஸ்டத்துக்கும், மற்ற இரண்டை இன்னொரு சிஸ்டத்துக்கோ இன்டர்காமுக்கோ பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாயிண்ட்டில் கிகாபிட் எந்தக் காலத்திலும் வராது, புதுக் கேபிள் இழுத்தே ஆக வேண்டும்.

முனையை மறுபடி கிரிம்ப் செய்வது, அதாவது புதுப் பிளக்கை அழுத்திப் பொருத்துவது, ஐந்து நிமிட வேலை, ஆனால் அவசரத்தில் கெடுவதும் அதுதான். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு உறையை இரண்டரை சென்டிமீட்டர் உரித்து, ஜோடிகளைப் பிரித்து, இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று அடுக்குங்கள். பிளக்கின் கிளிப் உங்களுக்கு மறுபக்கம் இருக்க, பொன்னிறத் தகடுகள் உங்களைப் பார்க்க வேண்டும். கம்பிகளைத் தட்டையாக நீவி, உறையிலிருந்து 13 மில்லிமீட்டர் மட்டும் விட்டு ஒரே வெட்டாக நறுக்குங்கள். முறுக்கை அதற்கு மேல் பிரித்தால் ஒரு ஜோடியின் சத்தம் அடுத்த ஜோடிக்குள் நுழைந்துவிடும். பிளக்குக்குள் தள்ளியதும் நுனியில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிகிறதா, பின்பக்கம் வெளியுறையும் பிளக்குக்குள் நுழைந்து கிளிப்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும். உறை வெளியே நின்று மெல்லிய கம்பிகள் மட்டும் பிளக்கைத் தாங்கும்படி செய்தால் இரண்டு மாதத்தில் மறுபடி அதே கேபிளைத் தேடி வருவீர்கள். நேராக 1-க்கு 1, 2-க்கு 2 என்று இருந்தால் போதும், எந்த வரிசையானாலும் சரி என்று சிலர் சொல்வார்கள். எட்டு விளக்கு டெஸ்டரும் அதை ஆமோதிக்கும். நம்பாதீர்கள். 3-உம் 6-உம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், 4-உம் 5-உம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். வரிசை தப்பினால் தொடர்ச்சி இருக்கும், முறுக்கு இருக்காது. விளக்கு எரியும், ஃபைல் நகராது.

முழுக் கேபிளையும் மாற்றியே ஆக வேண்டிய சூழ்நிலை ஒன்று உண்டு, செம்பு என்று சொல்லி செம்புப் பூச்சிட்ட அலுமினியத்தைப் போட்டிருப்பது. வெட்டிய கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று முறை மடக்கினாலே ஒடிந்துவிடும், மின்தடை அதிகம், காலப்போக்கில் முனையில் பிடி தளரும். அதன் மேல் நேரம் செலவழிப்பது வீண். அதேபோல டியூப் லைட் பட்டியோடும் ஏசி வயரோடும் ஒன்றாகக் கட்டி இழுத்த கேபிள், எலி கடித்த கேபிள், பக்கத்துக் கட்டிடத்துக்கு வெயிலில் திறந்தபடி போகும் கேபிள் ஆகியவற்றையும் மாற்றுங்கள். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதானால் செம்பை விட்டுவிட்டு ஃபைபர் போடுவதே சரி. ஒரு இடி விழுந்தால் செம்புக் கேபிள் இரண்டு பக்க ஸ்விட்ச்சையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

டூப்ளெக்ஸ் பொருந்தாமை பற்றி ஒரு வார்த்தை, உங்களுக்கு இது இருக்க வாய்ப்பு குறைவு என்றாலும். எப்போதோ யாரோ கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்பதை 100 ஃபுல் என்று பூட்டி வைத்திருப்பார்கள். மறுமுனையில் ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கும். பேச்சுவார்த்தைக்கு எதிராளி வராததால் ஸ்விட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று முடிவு செய்துகொள்ளும். ஒருவர் எந்நேரமும் பேசலாம் என்று நினைக்கிறார், இன்னொருவர் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறார். இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் சோதனைக்கு அழகாகப் பதில் வரும், வெப்சைட் திறக்கும், பெரிய ஃபைலை நகர்த்தினால் மட்டும் மூச்சுத் திணறும். தீர்வு, இரண்டு பக்கமும் ஆட்டோ நெகோஷியேஷன். கிகாபிட்டில் ஆட்டோ கட்டாயம், வேகத்தைக் கையால் பூட்டும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

கார்டு பழசாக இருந்தால் அதையும் மாற்றலாம். மதர்போர்டின் லேன் 10/100 என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்லாட்டில் பொருந்தும் கிகாபிட் கார்டு விலை அதிகமில்லை. பழைய வெள்ளை நிற நீளமான பிசிஐ ஸ்லாட்டுக்கான கார்டை வாங்காதீர்கள். அந்தப் பாதையின் மொத்தத் திறன் வினாடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும், கையில் வருவது அதில் பாதியைச் சுற்றி நின்றாலும் ஆச்சரியமில்லை. யுஎஸ்பி லேன் அடாப்டர் என்றால் 3.0 போர்ட் இருந்தால் மட்டும் வாங்குங்கள். புது கார்டு அவ்வப்போது இணைப்பைத் துண்டித்துத் துண்டித்து எடுத்தால் அதன் அமைப்பில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் ஆகிய மின்சிக்கன வசதிகளை அணைத்துப் பாருங்கள். பழைய ஸ்விட்ச்களோடு இவை சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

இதெல்லாம் முடித்து ஐபெர்ஃப்3 940 காட்டிய பிறகும் டேலி தவழலாம். அப்போது குற்றவாளி சர்வரின் ஹார்ட் டிஸ்க். சுழலும் டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது 80 முதல் 150 எம்பி தரும். ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருளைப் பத்துப் பேர் திறந்தால் டிஸ்க்கின் பத்து மூலைகளிலிருந்து துணுக்குத் துணுக்காகக் கேட்பார்கள். ஊசி ஓடி ஓடித் தேடும் அந்த வேலையில் அதே டிஸ்க் வினாடிக்கு ஓரிரு எம்பி-க்குக் கீழே விழுந்துவிடும். மாலை நெரிசலின்போது சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் கோடு தரையில் படுத்திருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பதில் கிடைத்துவிட்டது. டேட்டா இருக்கும் டிரைவை, சுழலும் பாகமே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி-யாக மாற்றுங்கள். பழைய மதர்போர்டின் சாட்டா 2 போர்ட்டில் மாட்டினாலும் 250 எம்பி-க்கு மேல் வரும், கிகாபிட் லேனுக்கு அது போதும். மாற்றும் முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் பழைய டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார் எண் (கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கிய பகுதிகளின் கணக்கு) ஏறிக்கொண்டிருந்தால் வேகத்தை மறந்து, அன்றைக்கே பேக்கப் எடுங்கள். சாகப்போகும் டிஸ்க் முதலில் "நெட்வொர்க் ஸ்லோ" என்ற புகாராகத்தான் தலைகாட்டும்.

சின்ன ஃபைல் விவகாரத்தைச் சொல்வதாகச் சொன்னேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, அனுமதி பார், எழுது, மூடு என்று சிஸ்டமும் சர்வரும் பலமுறை கேட்டுப் பதில் வாங்குகின்றன. 40 கேபி ஃபைல் பத்தாயிரம் இருந்தால் மொத்தம் 400 எம்பி-தான், கிகாபிட்டில் நான்கு வினாடி வேலை. நடைமுறையில் பல நிமிடம் ஆகும். பரிமாற்றத்தைவிட விசாரிப்பே அதிகம். தினசரி பேக்கப் என்றால் சர்வரிலேயே ஜிப் செய்து ஒரே ஃபைலாக எடுங்கள், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையை எம்டி (/MT) சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தாமல் இயல்பாக எட்டு ஃபைல்களை ஒரே நேரத்தில் நகர்த்தும், எண்ணை 16 ஆக்கியும் பார்க்கலாம். ஆன்டிவைரஸ் இரு முனையிலும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்ப்பதும் இங்கே சேர்ந்துகொள்ளும். டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். டிரைவ் முழுவதையும் விலக்காதீர்கள்.

சர்வரில் விண்டோஸ் எக்ஸ்பி-யோ சர்வர் 2003-ஓ இன்னும் ஓடினால் அது பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டும்தான். அது மெதுவானது, 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான். புது சிஸ்டங்களில் எஸ்எம்பி 1-ஐ மறுபடி ஆன் செய்து சமாளிக்காதீர்கள், சர்வரை மாற்றுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஃபைல் பகிர்வில் கையொப்பச் சோதனையை (தரவு வழியில் மாறாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு) இயல்பாகவே கட்டாயமாக்கியிருக்கிறது. புது லேப்டாப் பழைய நாஸில் நுழையவே மறுப்பதற்கும், பலவீனமான பிராசஸரில் வேகம் குறைவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

உங்களுக்குத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது விற்க வருவார்கள். ஜம்போ ஃபிரேம், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டையும் பெரிதாக்கி அனுப்புவது, தரும் லாபம் சில சதவீதம், ஒரு கருவியில் அளவு பொருந்தாவிட்டால் வரும் தலைவலி பெரிது. சர்வருக்கு இரண்டு கேபிள் போட்டு இணைத்தால் இரட்டை வேகம் என்பது ஒரே ஒருவர் காப்பி செய்யும்போது நடக்காது. ஒரு உரையாடல் ஒரு கேபிளில்தான் போகும், பலர் சேர்ந்து இழுக்கும்போதுதான் பலன். கேட் 7, கேட் 8 உங்களுக்குச் சம்பந்தமே இல்லை. பிற்காலத்தில் கிகாபிட் போதாமல் போனால் 2016-இல் தரமான 2.5 ஜிபிபிஎஸ் இதே கேட் 5இ-யில் ஓடும்.

ஆகவே வரிசை இது. இந்த வாரமே சிஸ்டம் வாரியாக வேகத்தைக் குறித்து, சர்வரை ஓரத்துக் கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு ஸ்விட்ச், அடுத்து சர்வரின் எஸ்எஸ்டி. ஸ்விட்ச் மாறிய பிறகும் 100-இல் நிற்கும் பாயிண்ட்டுகளை மட்டும் கேபிள்காரரிடம் காட்டி முனைகளை மாற்றச் சொல்லுங்கள், பாயிண்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஒவ்வொன்றிலும் 1.0 ஜிபிபிஎஸ் வருவதையும் ஐபெர்ஃப்3 இரு திசையிலும் 900-ஐத் தாண்டுவதையும் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். அப்படியும் தேறாத பாயிண்ட் இரண்டோ மூன்றோ மிஞ்சினால் அவற்றுக்கு மட்டும் புதுக் கேபிள், அதைக் கேட் 6 ஆகவே இழுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஸ்விட்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம், கேமராக்களுக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினுக்கும் அது இன்னும் சில வருடம் உழைக்கும்.